அட்டையா, சந்தாவா, வட்டமா: சிறு புத்தகக் கடை எதில் தொடங்கலாம்?

இரண்டு மூன்று பேர் மட்டுமே வேலை பார்க்கும் புத்தகக் கடை, வருகிற வாசகர்களைத் தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்ள நினைத்தால் ஐந்து வழிகள் உண்டு. அலமாரியில் பரிந்துரை அட்டை வைக்கலாம். நேரில் கேட்டு நூல் எடுத்துக் கொடுக்கலாம். மாதச் சந்தா நடத்தலாம். ஒரே நூலைப் படித்துவந்து பேசும் வாசகர் வட்டம் கூட்டலாம். வாட்ஸ்அப் குழு தொடங்கலாம். ஐந்தையும் ஒரே மூச்சில் தொடங்கும் கடை, ஆறு மாதத்துக்குள் ஐந்தையும் பாதியில் விட்டிருக்கும். ஆள் நேரம் போதாது என்பதே காரணம். காசு அதற்கு அப்புறம்தான்.

ஆகவே எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய மூன்று கேள்விகள் போதும். மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தின்னும்? எவ்வளவு சரக்கு முடங்கும்? வாசகரைப் பற்றிக் கடைக்கு என்ன தெரியவரும்? மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான். யாருக்கு எது பிடித்தது, எதைப் பாதியில் மூடினார் என்ற குறிப்பு கையில் இல்லாமல் சந்தா நடத்தவும் முடியாது, வட்டத்துக்கு நூல் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

அலமாரி அட்டை

ஐந்திலும் செலவு குறைந்தது இதுதான். பன்னிரண்டு அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் என்று வைத்தால் நான்கு மணி நேர வேலை. படிக்கும் நேரம் இதில் சேராது. அது எப்படியும் படிக்க வேண்டியதுதான்.

அளவு ஏ4 தாளில் கால் பங்கு, கெட்டி அட்டை. நாற்பது முதல் அறுபது சொற்கள். கதைச் சுருக்கம் வேண்டாம், அது பின்னட்டையில் இருக்கிறது. முதல் வரி வாசகரைப் பார்த்துப் பேச வேண்டும்: "குடும்பக் கதை என்றாலே அலுப்பவர்களுக்கு ஒரு குடும்பக் கதை." அடுத்து நூலில் குறிப்பாக ஒன்று: ஓர் உத்தி, ஓர் அத்தியாயம், ஒரு பாத்திரத்தின் பேச்சு. கடைசியில் யாருக்கு இது ஒத்து வராது என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியை எழுதத்தான் பலருக்கும் கை வராது. "முதல் எண்பது பக்கம் மெதுவாகப் போகும், அவசரத்தில் இருப்பவர்கள் இப்போது எடுக்க வேண்டாம்" என்று எழுதிய அட்டையை வாசகர் நம்புவார். 'அற்புதம்', 'தவறவிடக் கூடாதது', 'நெஞ்சைத் தொடும்' ஆகிய மூன்றையும் கடையில் தடை செய்துவிடலாம். பன்னிரண்டு அட்டையிலும் 'அற்புதம்' இருந்தால் பதின்மூன்றாவது அட்டையை யாரும் படிக்க மாட்டார்கள்.

கீழே எழுதியவர் பெயர் கட்டாயம். 'கடையின் பரிந்துரை' என்று பொதுவாகப் போட்டால், வாசகர் அடுத்த முறை வந்து யாரிடம் சண்டை போடுவார்? பெயர் இருந்தால், "உங்கள் பரிந்துரை எனக்குச் சரிப்படவில்லை" என்று சொல்ல ஒரு முகம் கிடைக்கிறது. அந்தப் பேச்சுதான் கடைக்கு வேண்டியது. ஒருவரே எல்லா அட்டையையும் எழுதினால் மூன்று மாதத்தில் அவருடைய ரசனை கடையின் எல்லை ஆகிவிடும். ஆளுக்கு நான்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

படிக்காத நூலுக்கு அட்டை எழுதுவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஜப்பானில் 2004 முதல் வழங்கப்படும் புத்தகக் கடை ஊழியர்களின் விருதில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. முதல் சுற்றில் ஊழியர் ஒவ்வொருவரும் மூன்று நூல்களை முன்மொழிகிறார்கள். இரண்டாம் சுற்றில் வாக்களிக்க வேண்டுமானால் இறுதிப் பட்டியலில் உள்ள எல்லா நூல்களையும் படித்து, காரணமும் எழுதித் தர வேண்டும். பெரிய நடுவர் குழு எதுவும் இல்லாமல் அந்த விருது விற்பனையை அசைப்பதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

எங்கே தவறும்? அட்டை இருக்கும், நூல் இருக்காது. இதுதான் அடிக்கடி நடப்பது. அட்டை வைக்கும் நாளில் குறைந்தது ஐந்து பிரதியாவது கையிருப்பில் இருக்க வேண்டும். இரண்டுக்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும். தீர்ந்தால் அன்றே அட்டையை எடுத்துவிட வேண்டும். சாதா பேனா மை வெயில் படும் அலமாரியில் இரண்டே மாதத்தில் வெளுக்கும், வெளுத்த அட்டை பழைய சரக்கு என்ற எண்ணத்தைத் தரும். செல்லோடேப் ஒட்டினால் மரத்தில் பசை தங்கும், ஆகவே வளைந்த பிளாஸ்டிக் தாங்கிகள் வாங்கிவிடலாம். ஒரு மீட்டர் அலமாரிக்கு ஒரு அட்டைக்கு மேல் வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

பலனை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அட்டை வைத்த நூலை முகப்பு தெரியும்படி திருப்பி வைத்திருப்பீர்கள். முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கினால் இரண்டு சென்டிமீட்டர் பிடிக்கும் நூல், முகப்பு காட்டினால் பதினான்கு சென்டிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. அப்படிக் காட்டினாலே விற்பனை கூடும். அட்டையின் பங்கு எவ்வளவு என்று தெரிய, அதே வகை நூல் ஒன்றை அட்டை இல்லாமல் முகப்பு தெரிய வைத்து நான்கு வாரம் ஒப்பிட வேண்டும். விற்பனை ஒரு பிரதியிலிருந்து மூன்றாக உயர்ந்ததை வெற்றி என்று எழுதிக்கொள்ள வேண்டாம், அது தற்செயலாகவும் இருக்கலாம்.

தன் நூலை முன்னால் வைக்கப் பதிப்பகம் காசு கொடுத்துப் பிடிக்கும் மேசையையும் இந்த அட்டைகளையும் கலக்கவே கூடாது. சொந்தமாகச் சிறு கடைகள் நடத்திவந்த ஜேம்ஸ் டான்ட், 2011-இல் பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற புத்தகக் கடைச் சங்கிலியை நிர்வகிக்க வந்ததும், பதிப்பகங்கள் முன்வரிசை இடத்துக்குத் தந்துவந்த பணத்தை வேண்டாம் என்று நிறுத்தினார். எந்த நூலை முன்னால் வைப்பது என்பது அந்தந்தக் கிளையின் முடிவானது; விற்காமல் பதிப்பகத்துக்குத் திரும்பிப் போகும் நூல்களின் பங்கு வெகுவாகக் குறைந்தது. பெரிய சங்கிலிக் கடை காசை விட்டுக்கொடுத்து வாங்கிய நம்பிக்கை, சிறு கடைக்கு இயல்பாகவே இருக்கிறது. அதை அற்பத் தொகைக்கு விற்க வேண்டுமா?

நேரில் கேட்டுக் கொடுப்பது

"எந்த மாதிரி நூல் பிடிக்கும்?" என்று கேட்டால் உபயோகமான பதில் வராது. எல்லாரும் 'எல்லாமே படிப்பேன்' என்பார்கள். கேட்க வேண்டியவை இரண்டு. கடைசியாக முழுதாகப் படித்து முடித்த நூல் எது? பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் பொய் சொல்லாது. ஐம்பதாம் பக்கத்தில் விட்டவருக்கு நடை ஒத்துவரவில்லை. முந்நூறாம் பக்கத்தில் விட்டவருக்கு நடை பிடித்திருக்கிறது, கதை ஏமாற்றியிருக்கிறது. இருவருக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டிய நூல் வேறு வேறு.

பிறகு மூன்று நூல்களை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். ஒன்று அவருக்கு நிச்சயம் ஒத்துவருவது, ஒன்று அவர் படிக்கும் வகைக்குப் பக்கத்து வகை, ஒன்று கொஞ்சம் துணிச்சலானது. நான்காவதை எடுத்தால் மூன்றின் மேலும் சந்தேகம் வந்துவிடும். கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பக்கத்திலேயே நின்றால் வாசகர் நூலைப் பார்க்காமல் உங்களைத் திருப்திப்படுத்தப் பார்ப்பார்.

இணையக் கடையின் பரிந்துரையோடு இதை ஒப்பிடுவது நியாயம்தான். 'இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்' என்ற முறை, ஆயிரக்கணக்கானோர் வாங்கிய நூல்களில் நன்றாகவே வேலை செய்யும். சிறு பதிப்பகத்தின் முதல் நூல், முந்நூறு பிரதி அச்சான கவிதைத் தொகுப்பு, மறுபதிப்பு வந்த பழைய பயண நூல் போன்றவற்றுக்கு வாங்கிய வரலாறே இல்லாததால் கணினிக்குச் சொல்ல எதுவும் இல்லை. அங்கேதான் மனிதப் பரிந்துரைக்கு வேலை. எல்லாரும் வாங்கும் நூலை நீங்களும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தால் அந்த வசதியை நீங்களே கைவிட்டதாகும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு நோட்டு. கணினியில் அட்டவணையாக வைத்தாலும் சரி. ஐந்து பத்தி: பெயர், தேதி, கொடுத்த நூல், ஏன் கொடுத்தோம், திரும்பி வந்து என்ன சொன்னார். கடைசிப் பத்தி நிரம்ப மாதங்கள் ஆகும். பரவாயில்லை. பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளவும். அந்த நோட்டு கல்லாப் பக்கத்தில் திறந்து கிடக்கக் கூடாது. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். படித்த நூல்களைப் பதிந்து மதிப்பிடும் இணையதளமான குட்ரீட்ஸில் வாசகர்களைப் பட்டியல் போடச் சொல்லும் கடைகள் ஒன்றை யோசிக்க வேண்டும்: 2007-இல் தொடங்கிய அந்தத் தளம் 2013 முதல் அமேசானுடையது. உங்கள் வாசகரின் ரசனைக் குறிப்பை யார் கையில் சேர்க்கிறீர்கள்?

சந்தா: ஒரே நூலா, ஆளுக்கொரு நூலா

எல்லாருக்கும் ஒரே நூல் என்ற முறை பழையது. அமெரிக்காவில் 1926-இல் தொடங்கிய மாத நூல் கழகம், தேர்வுக் குழு ஒன்று பொறுக்கிய நூலை உறுப்பினர்களுக்கு அஞ்சலில் அனுப்பியது. வேண்டாம் என்று எழுதித் தெரிவிக்காவிட்டால் நூல் வந்துவிடும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. சிறு கடை இந்தப் பழக்கத்தை மட்டும் எடுக்கக் கூடாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா ஒரு வருடத்துக் காசைத் தரும், பத்து வருட வாசகரை இழக்க வைக்கும்.

ஒரே நூல் என்றால் வேலை எளிது. நாற்பது பிரதியை மொத்தமாக வாங்குவதால் பதிப்பகத்திடம் கூடுதல் கழிவு கேட்கலாம். ஆசிரியர் கையெழுத்துப் பிரதியும் கேட்டுப் பெறலாம். பொட்டலம் கட்டுவதெல்லாம் ஒரே மதியத்தில் முடியும். குறை ஒன்றுதான்: தீவிர வாசகரிடம் அந்த நூல் ஏற்கெனவே இருக்கும். கடைக்கு வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத புது நூலையோ, பலகாலம் அச்சில் இல்லாமல் மறுபதிப்பு வந்ததையோ தேர்ந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

ஆளுக்கொரு நூல் என்பதுதான் வாசகர் மயங்குவது. கடை மாட்டிக்கொள்வதும் அதில்தான். கணக்கைப் பாருங்கள். ஒரு சந்தாதாரருக்கு நூல் தேர இருபது நிமிடம், பொட்டலமும் முகவரியும் பத்து நிமிடம். நாற்பது பேருக்கு மாதம் இருபது மணி நேரம். பதினைந்து பேருக்கு ஏழரை மணி. இதனால் முதல் வருடம் பதினைந்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், சுனாகாவா என்ற சிறு நகரத்தில் இருக்கும் இவாத்தா புத்தகக் கடை, சந்தாவாக இல்லாவிட்டாலும், ஆளுக்கேற்ப நூல் தேர்ந்து தருகிறது. வாசகர் விரிவான கேள்வித்தாளை நிரப்பி அனுப்ப, கடைக்காரர் அதைப் படித்து அவருக்கென்று ஒரு கட்டு நூல்களைத் தேர்கிறார். விண்ணப்பங்கள் குவிந்ததால் குலுக்கலில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. அத்தனை பேர் கேட்டும் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்கவும்.

கேள்வித்தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் இருந்தால்தான் நிரப்புவார்கள். பிடித்த மூன்று நூல், பாதியில் விட்ட இரண்டு நூல், எப்போது படிப்பீர்கள் (பேருந்திலா, படுக்கையிலா, விடுமுறையிலா), தவிர்க்க வேண்டிய விஷயம் ஏதும் உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், வீட்டில் துக்கம் நடந்தவருக்கு மரணம் பற்றிய நாவலை அனுப்பிவிட்டு விழிப்பீர்கள். கூடவே வீட்டு அலமாரியின் புகைப்படம் ஒன்று கேட்டால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற புகார் பாதியாகும். மீதிப் பாதிக்கு, படிக்காத நிலையில் இரண்டு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி போதும்.

நூலோடு நான்கு வரிக் குறிப்பு ஒன்று போக வேண்டும்: உங்களுக்கு ஏன் இதைத் தேர்ந்தோம் என்று. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் சந்தாதாரருக்கு அது வெறும் பார்சல்.

பணத்தில் ஓர் எச்சரிக்கை. பன்னிரண்டு மாதச் சந்தாவை முன்பணமாக வாங்கினால் அது இன்னும் உங்கள் வருமானம் ஆகவில்லை, அனுப்ப வேண்டிய நூல்களின் கடன். தனிக் கணக்கில் வைத்து, மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுக்க வேண்டும். முதல் மாதமே வாடகைக்கு எடுத்துவிட்ட கடை எட்டாம் மாதம் பதிப்பகத்துக்குக் கொடுக்கப் பணமில்லாமல் நிற்கும்.

பேசும் வட்டமும் பேசாத வட்டமும்

வட்டத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் சரியான அளவு. ஆறுக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் பேச்சு படுத்துவிடும். பதினைந்துக்கு மேலே போனால் நான்கு பேர் மட்டும் பேசுவார்கள். பதிவு செய்தவர்களில் கணிசமானவர்கள் வரமாட்டார்கள் என்பதால் பதினைந்து பதினாறு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம். நூல் முந்நூறு பக்கத்துக்குள், இடைவெளி நான்கைந்து வாரம். அடுத்த இரண்டு மாத நூல்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு முன் விநியோகஸ்தரிடம் பிரதி இருக்கிறதா என்று கேட்கவும். அறிவித்த பிறகு 'அச்சில் இல்லை' என்று வந்தால் வாசகர்கள் நகலெடுத்துக்கொள்வார்கள், உங்களிடம் யாரும் வாங்க மாட்டார்கள்.

நூலை யார் தேர்வது? முழு வாக்கெடுப்பு விட்டால் ஒரே வகை நாவல் திரும்பத் திரும்ப வெல்லும், தோற்றவர்கள் மெல்ல நின்றுவிடுவார்கள். கடை மூன்று நூலை முன்வைத்து அதில் ஒன்றுக்கு வாக்கு என்பது நடைமுறைக்கு ஒத்தது. எல்லாருக்கும் பிடிக்கும் நூல் வட்டத்துக்கு ஆகாது. 'நன்றாக இருந்தது' என்று பத்துப் பேர் சொல்லிவிட்டால் மீதி எண்பது நிமிடம் என்ன செய்வது? முடிவு சர்ச்சைக்கு இடம் தருவதாகவோ, கதை சொல்பவரை நம்பலாமா என்ற கேள்வி உள்ளதாகவோ இருக்கட்டும்.

நடத்துபவர் ஆறேழு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் வட்டமாக ஒரு சுற்று, ஆளுக்கு ஒரு நிமிடம், குறுக்கே பேசாமல். இந்தச் சுற்றைத் தவிர்த்தால் கூச்சமுள்ளவர்கள் கடைசிவரை வாய் திறக்க மாட்டார்கள். எல்லா வட்டத்திலும் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொள்வார். "நீங்கள் சொன்னதற்கு ஆதாரமான பக்கம் எது?" என்று மரியாதையாகக் கேட்டால் பேச்சு நூலுக்குத் திரும்பும். நூலாசிரியரை முழு நேரமும் உட்கார வைப்பதும் பிழை. அவர் எதிரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முதல் ஒரு மணி நேரம் வாசகர்கள் மட்டும், கடைசி அரை மணிக்கு ஆசிரியர் வரட்டும்.

தயாரிப்பு, நாற்காலி போடுவது, பேச்சு எல்லாம் சேர்த்து ஒரு கூட்டத்துக்கு ஆறு மணி நேரம். கல்லாவைப் பூட்டிவிட்டுக் கூட்டம் தொடங்கும் கடைகள் உண்டு. பேசி முடித்தவர்கள்தான் வாங்கும் மனநிலையில் இருப்பார்கள், கடைசிக் கால் மணிக்குப் பில் போட ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பேசாத வட்டம் இதற்கு நேர்மாறு. சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் தோழிகள் இருவர் தொடங்கிய மௌன வாசிப்பு வட்டம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆளாளுக்குத் தங்கள் நூலைக் கொண்டு வருகிறார்கள், கொஞ்சம் பேச்சு, ஒரு மணி நேரம் அமைதியாகப் படிப்பு, விருப்பமிருந்தால் மறுபடி பேச்சு. தயாரிப்பு இல்லை, நூல் தேர்வுச் சண்டை இல்லை, படித்து முடிக்கவில்லை என்ற குற்ற உணர்வும் இல்லை. நல்ல வெளிச்சமும் முதுகு சாய நாற்காலியும் இருந்தால் போதும். விற்பனை குறைவாகவே இருக்கும், ஏனென்றால் எல்லாரும் கையில் நூலோடு வருகிறார்கள். வாசகரைப் பற்றித் தெரியவருவதும் குறைவு. வந்தவர்கள் என்ன நூல் கொண்டுவந்தார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டால் அந்தக் குறை பாதி தீரும்.

வாட்ஸ்அப் குழு

தொடங்க ஐந்து நிமிடம், சமாளிக்க ஆயுசு. திறந்த குழுவாக விட்டால் ஒரு மாதத்துக்குள் பார்வர்டு செய்திகள் நூல்களை மூழ்கடிக்கும், அடுத்து யாரோ ஒருவர் உங்கள் கடையில் விற்பனையில் இருக்கும் நூலின் திருட்டு பிடிஎஃப்பை நல்ல எண்ணத்தோடு போடுவார். அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைத்து, வாரம் ஒரே செய்தி, மூன்று நூல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி என்று வைத்தால் அது நல்ல அறிவிப்புப் பலகை. சமூகம் என்று அதைச் சொல்ல முடியாது. குழுவில் எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரியும் என்பதால், பலர் தயங்குவார்கள். எண் வெளியே தெரியாத சேனல் அதற்குப் பொருத்தம்.

எந்தக் கடைக்கு எது

ஒரே ஆள் கடை என்றால் அட்டையும் நோட்டும் மட்டும், ஆறு மாதத்துக்கு வேறொன்றும் வேண்டாம். நோட்டில் அறுபது எழுபது பெயர் சேர்ந்து, அதில் பத்துப் பேராவது திரும்பி வந்து கருத்துச் சொன்ன பிறகு வட்டம் தொடங்கலாம். முதல் அழைப்பு அந்தப் பத்துப் பேருக்கு. இடம் இருந்து ஆள் இல்லாத கடைக்கு மௌன வாசிப்பு. ஆள் இருந்து இடம் இல்லாத கடைக்குச் சந்தா, அதிலும் முதலில் ஒரே நூல் முறை. ஆளுக்கொரு நூல் சந்தாவைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். தேர்பவர் வேலையை விட்டுப் போனால் சந்தா அவரோடு போய்விடும் என்பதால், குறைந்தது இரண்டு பேர் நோட்டைப் படித்துப் பழகியிருக்க வேண்டும்.

வட்டத்துக்குத் தொடர்ந்து மூன்று கூட்டம் ஐந்து பேருக்குக் கீழே வந்தால் கிழமையையோ நேரத்தையோ மாற்றிப் பாருங்கள். அப்போதும் கூடவில்லை என்றால் கடைசிக் கூட்டம் இது என்று வந்தவர்களிடம் சொல்லி முடித்துவிடலாம். அறிவிக்காமல் நின்றுபோன வட்டத்துக்காக யாராவது ஒருவர் நூலைப் படித்து முடித்துக்கொண்டு பூட்டிய கடைக்கு வருவார்.